அசையும் ஒளிச் சிற்பம்

சிற்பம் என்பது அசையாது நிற்பதே என்று உலகம் நெடுங்காலமாகக் கருதி வந்தது. கல்லிலும் உலோகத்திலும் வடித்த உருவம் அசைவதுபோலத் தோன்றலாமேயன்றி, உண்மையில் அசைவதில்லை. இக்கருத்தை மாற்றியவர்கள் இருபதாம் நூற்றாண்டின் கலைஞர்கள். ருஷ்யரான நௌம் காபோ என்பார், மோட்டாரினால் அதிரும் ஒற்றை உலோகக் கம்பியைக் கொண்டு, வெறுவெளியில் அலைவடிவம் தோன்றுமாறு 1920-ஆம் ஆண்டளவில் செய்து காட்டினார். ஹங்கேரி தேசத்தவரான லாஸ்லோ மொஹோலி-நாகி, சுழன்று சுழன்று நாற்புறமும் ஒளியும் நிழலும் வீசும் கருவியொன்றை 1930-ல் பாரிஸ் நகரிற் காட்சிக்கு வைத்தார். அமெரிக்கரான அலெக்ஸாண்டர் கால்டர் அமைத்த தொங்கு சிற்பங்களோ இளங்காற்றிலேயே அசைந்தாடின.

இவற்றையெல்லாம் காண்போர் எட்ட நின்று கண்டு மகிழ்ந்தனர். இக்காலத்திலோ, காண்போர் மிதித்தால் உயரவும் அணுகினால் நிறம் மாறவும் வல்ல சிற்பங்கள் தோன்றியுள்ளன. அவை மிகுதியாக நிறுவப்படும் இடங்களுள் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெவாடா மாகாணத்திலுள்ள பிளாக் ராக் பாலைவனம். 1986-ல் சான் பிரான்சிஸ்கோ நகரக் கடற்கரையில் மர உருவமொன்றை எரித்துச் சிலர் தொடங்கிய ‘பர்னிங் மேன்’ விழா, 1990-ல் இப்பாலைக்கு மாறியது. பண்டைக் காலத்தில் ஏரிப் படுகையாயிருந்த அந்நிலம் இன்று புல் பூண்டற்ற வெண்ணிறச் சமவெளி. 2016-ல் போல்ட்ஹவுஸ் என்னும் கலைஞர் குழுவினர் அங்கே ‘ஷ்ரூமன் லூமன்’ என்ற பெயரால் மாபெருங் காளான்களை நிறுவினர். பிளாஸ்டிக் தகடுகளைக் காகித மடிப்புக் கலையின் முறையில் மடித்துச் செய்த அக்காளான்கள், மிதிபலகையில் ஒருவர் கால் வைத்ததும் விரிந்து, உள்ளிருந்து ஒளி வீசின. 2018-ல் அவை வாஷிங்டன் நகர் ரென்விக் கலைக்கூடத்திலும் வைக்கப்பெற்றன.

இத்தகைய சிற்பம் இயங்குவது யாங்ஙனம்? மனித உடலையே உவமையாகக் கொள்ளலாம். மிதிபலகையும், ஒலியலையால் தூரமறியும் கருவியும் அதன் புலன்கள். கட்டை விரலளவேயுள்ள ‘மைக்ரோகண்ட்ரோலர்’ என்னும் சிறு கணிப்பொறி அதன் மூளை. மோட்டார்கள் அதன் தசைகள். புலன் கண்டதை மூளை ஆராய்ந்து, தசைக்குக் கட்டளையிடுகிறது. இவையனைத்தும் ஏறத்தாழ ஒரு விநாடியில் பத்திலொரு பங்குக்குள் நிகழ்தல் வேண்டும். தாமதித்தால், மிதித்தவர் அவ்வசைவு தம்மால் விளைந்ததென உணரார். உணராவிடின், சிற்பத்திற்கும் அவருக்கும் உறவில்லை.

இனி ஒளியைப் பற்றிச் சில கூறுவோம். எல்.ஈ.டி. விளக்கில் பழைய பல்பிலுள்ளது போன்ற இழை இல்லை. மின்சாரம் குறைகடத்திப் படிகத்தினூடே பாயும்போது அப்படிகமே ஒளிர்கிறது. ஆதலின் அதிர்ச்சியால் இழை அறுமென்ற அச்சமில்லை. கண்ணுக்குத் தெரியும் செந்நிற எல்.ஈ.டி.யை நிக் ஹோலோன்யாக் 1962-ல் ஆக்கினார். நீலம் அதற்கு ஏறத்தாழ முப்பதாண்டுகள் பிந்தியது. அதை ஆக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014-ல் நோபல் பரிசு பெற்றனர். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் 256 படிகளில் கூட்டிக் குறைத்தால் 1,67,77,216 நிறச் சேர்க்கைகள் கிடைக்கும்.

ஆயினும் ஒரு இடர் உண்டு. நிறம் மாறும் விளக்கு மணியொன்று, 5 வோல்ட்டில் முழு வெண்மையாக எரிய ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் வேண்டும். அவ்வாறாயின் ஆயிரம் மணிகளுக்கு 60 ஆம்பியர். இவ்வளவும் மெல்லிய கம்பி வழியே செல்லுங்கால் மின்னழுத்தம் வழியிலேயே குன்றும். நீலத்திற்கும் பச்சைக்கும் மிகுந்த அழுத்தம் வேண்டுமாதலால் அவை முதலில் மங்க, சரத்தின் கடைசி மணிகள் வெண்மை நீங்கிச் செம்மை பூணும். சரத்தின் பல இடங்களிலும் தனித்தனியே மின்சாரம் ஊட்டுவதே இதற்குப் பரிகாரம்.

தொழிற்சாலையில் செவ்வையாக இயங்கிய சிற்பம் திறந்த வெளியில் மூன்று சோதனைகளுக்கு உட்படுகிறது. முதலாவது காற்று. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தாக்குதல் நான்மடங்காகும். ஆகவே அடித்தளத்தை நிலத்தில் ஆழப் பிணித்தல் வேண்டும். இரண்டாவது புழுதி. பிளாக் ராக்கின் புழுதி மாவினும் நுண்ணியது, காரத்தன்மையுடையது. பேரிங்குகளும் மின்கருவிப் பெட்டிகளும் இறுக மூடப்படாவிடின் சில நாட்களில் கெடும். மூன்றாவதும் கடியதுமான சோதனை மக்கள் கை. செய்தவர் நினையாத இடத்தில் ஒரு குழந்தை விரலை நுழைக்கும். ஓர் இளைஞன் ஏறி அமர்வான். எனவே விரல் நசுங்கும் இடைவெளி எங்கும் இருத்தலாகாது. மின்சாரம் தடைப்பட்டாலும் உயர்ந்து நிற்கும் பாகம் திடீரென விழலாகாது. இவற்றோடு, விழா முடிந்தபின் ஓர் ஆணியும் மிஞ்சாமல் நிலத்தைத் துப்புரவாக்கி மீளவேண்டும் என்பது அவ்விழாவின் விதி.

இத்துணை உழைப்பின் பயன் யாது? 2011-ல் அதே பாலையில் பீட்டர் ஹட்சன் நிறுவிய ‘கேரன்’ என்னும் சிற்பம் விடையளிக்கின்றது. கிரேக்கர் கதையில் இறந்தோரை ஆற்றின் அக்கரை சேர்க்கும் படகோட்டியின் பெயரே கேரன். பெரிய சக்கரமொன்றைச் சுற்றி, துடுப்புப் பிடித்த எலும்புக்கூடுகள் வரிசையாய் அமைந்திருந்தன. பலர் ஒன்றுகூடிக் கயிறுகளை இழுத்தாலன்றி அச்சக்கரம் சுழலாது. தக்க வேகம் எய்தியதும், விட்டுவிட்டு மின்னும் விளக்கொளியில், பல உருவங்களும் ஒரே உருவமாய்த் துடுப்பு வலிப்பதுபோற் காணும். முன்பின் அறியாதார் கயிற்றை ஒரே தாளத்தில் இழுக்கக் கற்றபோதுதான் அக்காட்சி பிறந்தது. கலைஞன் சக்கரத்தைச் செய்தான். காட்சியைச் செய்தவர்களோ, அவ்விரவு ஆங்கே கூடிய மாந்தர். தன் கைவேலையின் கடைசிப் பகுதியைப் பிறர் கைக்கு நம்பி விடுதலே இக்கலையின் சிறப்பாகும். அந்நம்பிக்கைக்குத் தகுமாறு ஒவ்வோர் ஆணியையும் உறுதியாய் இறுக்குதலே கலைஞனின் கடன்.