போன் படகேறிப் போனால்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில், ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி முன்பெல்லாம் வாய்வழியாகத்தான் பரவும். ஏரியில் யாருக்கு எந்த நாள் 'பாடு', அதாவது மீன்பிடி முறை, என்பது போலவே, யாருக்கு எத்தனையாவது மாதம் என்பதும் ஊருக்கே மனப்பாடம். யோசனை சொல்ல மாமியார், பிரசவம் பார்க்க மருத்துவச்சி. சிக்கலென்றால் படகைப் பிடித்து, வண்டியைப் பிடித்து, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பொன்னேரிக்கு ஓட வேண்டும். தடுப்பூசிப் பெட்டியோடு வரும் நர்சம்மாவைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பழையதை மொத்தமாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு கொடுப்பது கடற்கரை வழக்கம். எந்தச் சத்துணவு அட்டவணையும் குறை சொல்ல முடியாத பத்தியம் அது. ஆனால் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னதும், பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்ததும் அதே பெரியவர்கள்தான்.

இன்று முதல் கேள்வியே 'பிக்மி நம்பர் வாங்கியாச்சா?' என்பது. கர்ப்பத்தைப் பதிவு செய்து அந்த எண்ணை வாங்காவிட்டால் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் இழுபறி. 1987-ல் 300 ரூபாயாகத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி இன்று 18,000 ரூபாய். பணம் வங்கிக் கணக்கில் விழுந்ததைப் போன்தான் சொல்கிறது. 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் மூன்றில் இரண்டு போலத்தான் மருத்துவமனையில் நடந்தன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 99.6 சதவீதம். இதில் போனுக்கு உள்ள பங்கு கொஞ்சம்தான். சாலையும் செவிலியரும் முந்தி வந்துவிட்டார்கள்.

அதே போன் பயத்தையும் சுமந்து வரும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்தியால் தமிழ்நாடு முழுக்கப் பெற்றோர் தயங்கினார்கள்; முகாமையே நீட்டிக்க வேண்டி வந்தது.

மேற்சொன்ன கணக்கெடுப்பில் இன்னொன்றும் இருக்கிறது: தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. சத்து மாத்திரை சாப்பிடச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பிவிடலாம். சாப்பிட்ட மறுநாள் மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடுகிறவளிடம், 'அது அப்படித்தாம்மா போகும், நிறுத்தாதே. டீயோட மட்டும் போடாதே' என்று யார் சொல்வது? எழுத்துக்கூட்டிப் படிப்பவளுக்குக் குறுஞ்செய்தியைவிட நர்சம்மா குரலில் ஒரு நிமிடப் பதிவு உதவும்.

அதற்கும் போன் அவள் கையில் இருக்க வேண்டும். மீனவர் வீட்டில் ஒரே போன் என்றால் அது முதலில் படகுக்குத்தான். காற்று நிலவரம், மீன் விலை, நடுக்கடலில் ஆபத்து என்று ஆணுக்கு அது தேவை. குறை சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கும் புதன்கிழமை தடுப்பூசிக்கும் வரச்சொல்லும் அழைப்பு, வலை இழுத்துக்கொண்டிருப்பவன் காதில் ஒலித்து என்ன பயன்? பதிவின்போதே கணவன் எண்ணுக்குக் கீழே பகலில் கரையிலேயே இருக்கிற இன்னொரு எண்ணையும், நாத்தனாருடையதோ பக்கத்து வீட்டு அக்காவுடையதோ, கேட்டு எழுதிக்கொள்ளலாம்.