தூங்கும் செல்லில் ஒளியும் எச்.ஐ.வி.

எச்.ஐ.வி. நம் நோய் எதிர்ப்புச் செல்களை அழிக்கும்னு பள்ளியிலேயே படிச்சிருப்பீங்க. சரி, அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? செல்களை உடலுக்கு வெளியே எடுத்து, ஊட்டத் திரவத்தில் வளர்த்துப் பார்த்துதான்!

1983, பாரிஸின் பாஸ்டர் நிறுவனம். எய்ட்ஸுக்கு முந்தைய அறிகுறிகள் இருந்த ஒருவரின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்த செல்களை ஃபிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மோன்தான்யே குழுவினர் வளர்த்தார்கள். சில நாட்களுக்கு ஒருமுறை திரவத்தைச் சோதித்தார்கள். தேடியது ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியை. ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் நொதி அது. ரெட்ரோ வைரஸின் அடையாளம்.

சுமார் இரண்டு வாரத்தில் நொதி சிக்கியது. ஆனா கொஞ்ச நாளில் செல்கள் சாக, நொதியும் குறைந்தது. உடனே ரத்த தானம் செய்த ஒருவரின் லிம்ஃபோசைட்டுகளைச் சேர்த்தார்கள். நொதி மறுபடி ஏறியது. புதுச் செல்களும் செத்தன! தான் பெருக எந்தச் செல் வேண்டுமோ, அதையே இந்த வைரஸ் கொல்லுதுன்னு தெரிந்தது. இருவருக்கும் 2008-இல் நோபல் பரிசு.

அடுத்த கேள்வி: எந்த வழியா உள்ளே போகுது? 1984-இல், டி செல்லின் மேலுள்ள சிடி4 புரதத்தை ஆன்டிபாடியால் மூடிப் பார்த்தார்கள். வைரஸால் நுழைய முடியவில்லை. 1996-இல் சிசிஆர்5 என்ற இரண்டாவது பூட்டும் தெரிய வந்தது. அந்தப் புரதம் பிறவியிலேயே இல்லாத சிலரின் செல்களில், பரவலாகத் தொற்றும் எச்.ஐ.வி. வகை நுழைய முடியவில்லை.

இப்போ முக்கியமான விஷயம். உள்ளே போன வைரஸ் தன் கோடை நம் டி.என்.ஏ.விலேயே ஒட்டிவிடும். அந்தச் செல் ஓய்வு நிலைக்குப் போனால் கோடும் ஓடாது, சும்மா கிடக்கும். கூட்டு மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸே தென்படாதவர்களின் ஓய்வு டி செல்களை 1997-இல் ஆய்வகத்தில் தூண்டி எழுப்பினார்கள். உள்ளேயிருந்து வைரஸ் வெளியே வந்தது!

இன்றைய மருந்துகள் வைரஸ் பெருகும் படிகளைத்தான் தடுக்கும். தூங்கும் செல்லில் எந்தப் படியும் நடப்பதில்லையே, மருந்து எதைத் தடுக்கும்? அதனால், "டெஸ்ட்லதான் வைரஸ் தெரியலையே, மாத்திரையை நிறுத்திடலாமா?"ன்னு யாராவது கேட்டா, கூடாதுன்னு காரணத்தோட சொல்லுங்க. விடாமல் சாப்பிட்டு, வைரஸ் தென்படாத அளவிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்க.