பயணச்சீட்டு இல்லாத ஏழைக்குச் சிறை: நாடாளுமன்றச் சீர்திருத்தம் எட்டாத இடம்

புது தில்லி: சிறு சட்ட மீறல்களுக்குச் சிறைத் தண்டனை தேவையில்லை என்ற கொள்கையை ஏற்று, 'ஜன் விஸ்வாஸ்' சட்டத்தின் மூலம் 42 மத்திய சட்டங்களின் 183 பிரிவுகளை நாடாளுமன்றம் 2023-ஆம் ஆண்டு திருத்தியது. ஆனால், ரயிலில் பயணச்சீட்டின்றிப் பிடிபட்டு, அபராதம் செலுத்தவும் வழியில்லாத ஏழைக்கு அதனால் எந்த நிவாரணமும் கிட்டவில்லை.

மும்பையின் வடகிழக்கு எல்லையில் உள்ள முலுண்ட் போன்ற பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கு இது ஏட்டளவிலான பிரச்னை அல்ல. அங்கிருந்து தாராவியை ஒட்டிய சயான் நிலையத்துக்கும் மாட்டுங்காவுக்கும் செல்வோர் மத்திய ரயில்வேயின் புறநகர் ரயிலையே நம்பியுள்ளனர். செம்பூர் செல்வோர் குர்லாவில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்வோருக்கு ரயில் தடைபட்டால் அன்றைய கூலியும் தடைபடும்.

சட்டம் சொல்வது என்ன?

மும்பை புறநகர் ரயிலில் இரண்டாம் வகுப்புக்கான குறைந்தபட்சக் கட்டணம் 2025-இல் ரூ.5 மட்டுமே. பயணச்சீட்டு இல்லாதவர் அந்தக் கட்டணத்துடன் குறைந்தது ரூ.250 கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138-ஆவது பிரிவு. ரூ.50 ஆக இருந்த இத்தொகை 2004-இல் ரூ.250 ஆக உயர்த்தப்பட்டது. செலுத்தத் தவறினால், 10 நாள்களுக்குக் குறையாமல் ஒரு மாதம் வரை சிறையிலடைக்க நடுவர் உத்தரவிடலாம்.

ஏமாற்றும் நோக்கத்துடன் பயணம் செய்ததாகக் கருதப்பட்டால் 137-ஆவது பிரிவு பாயும். ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.1,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க அது இடமளித்தது. பொதுவான குற்றவியல் சட்டத்தில், சிறையும் விதிக்கத்தக்க குற்றத்தில் அபராதம் கட்டாததற்கான சிறைவாசம், அக்குற்றத்துக்குரிய உச்சபட்சத் தண்டனையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ரயில்வே சட்டமோ இவ்வரம்பை விலக்கி, அபராதம் கட்டாதவருக்கும் ஆறு மாதம் வரை சிறை என்றது.

2023-ஆம் ஆண்டுத் திருத்தம் ரயில்வே சட்டத்தையும் தொட்டது. ரயிலில் பிச்சையெடுப்போருக்கான தண்டனை அதன்மூலம் நீக்கப்பட்டது. பயணச்சீட்டு தொடர்பான இவ்விரு பிரிவுகளும் அப்படியே விடப்பட்டன.

கட்டணம் செலுத்தும் லட்சக்கணக்கான பயணிகளுக்கு அநீதி நேரக் கூடாது என்ற ரயில்வேயின் வாதத்தைப் புறந்தள்ள முடியாது. எனினும், வசதியிருந்தும் ஏய்ப்பவர் ரூ.250-ஐக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறார். கையில் பணமில்லாதவரே நடுவர் முன் நிற்கிறார் என்பதுதான் நடைமுறை.

பிரிட்டனில் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் தொடர்பாகவும் இதே விவாதம் எழுந்தது. அங்கு உரிமம் பெறாததற்கு 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. நேரடியாகச் சிறை இல்லை என்றாலும், அபராதம் கட்டத் தவறினால் சிறை செல்ல நேரிடலாம். 2019-இல் இவ்வழக்குகளில் சிக்கியோரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். இதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்குவது குறித்துக் கருத்துக் கேட்ட பிரிட்டன் அரசு, 2021 ஜனவரியில் அம்முடிவை ஒத்திவைத்தது.

இந்தியாவிலும் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு அஞ்சலகத்தில் உரிமம் பெறும் முறை 1980-களின் நடுப்பகுதி வரை இருந்தது. உரிமமின்றிப் பெட்டி வைத்திருந்தால் 1933-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறை ரூ.100 வரை அபராதம். பின்னர் அரசு அக்கட்டணத்தையே கைவிட்டது.

கைக்கெட்டாத உதவி

அபராதம் கட்ட இயலாமல் சிறையில் வாடுவோருக்கு உதவும் திட்டத்தை 2023-24 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அதன்படி, தண்டனை பெற்ற ஏழைக் கைதிக்கு ரூ.25,000 வரை அரசே அபராதம் செலுத்தும். ஆனால், சிறைக் கண்காணிப்பாளர் தகவல் தெரிவிக்க ஏழு நாள், கைதியின் பொருளாதார நிலையை விசாரிக்க மேலும் ஏழு நாள், அதன்பின் மாவட்டக் குழுவின் ஒப்புதல் என்று உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறை வகுத்தது. பத்து நாள் சிறைவாசம் அதற்குள் முடிந்துவிடும்.

நேர்மையற்ற நோக்கமின்றி, வறுமையால் மட்டுமே கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதவரைச் சிறையிலடைப்பது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1980-இல் தீர்ப்பளித்தார். அது சிவில் கடன் குறித்த வழக்கு. தனியாருக்குத் தர வேண்டிய கடனுக்குப் பொருந்தும் அந்த நியாயம், அரசுக்குத் தர வேண்டிய ரூ.250-க்கு மட்டும் பொருந்தாமல் போவது ஏன் என்பதே எழும் கேள்வி.

அபராதம் மட்டுமே தண்டனையாக விதிக்கப்படும்போது, 30 நாள் வரை அவகாசமோ, இரண்டு அல்லது மூன்று தவணைகளோ அளிக்க குற்றவியல் நடைமுறைச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்துள்ளது. வழக்கறிஞர் இன்றி நடுவர் முன் நிற்கும் தினக்கூலிக்கு இப்படியொரு வழி இருப்பது தெரிய வாய்ப்பில்லை. அவகாசம் தருவதை ரயில்வே சட்டத்திலேயே கட்டாயமாக்கினால் ரயில்வேக்கும் இழப்பில்லை, ஏழைக்கும் சிறையில்லை. அந்தத் திருத்தத்தைச் செய்ய வேண்டிய பொறுப்பு நாடாளுமன்றத்துடையது.