பனமலை வரை வரும் மின்சார காருக்கு எப்படிப்பட்ட செயலி வேண்டும்?

திண்டிவனத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு மேற்கே திரும்பும் கார்களில் பெரும்பாலானவை திருவண்ணாமலைக்குப் போகின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டையும் அந்த வழியில்தான் இருக்கிறது. செஞ்சியிலிருந்து தெற்கே கிளைச் சாலைகளில் இறங்கினால் பனமலை. பெரிய ஏரி, சிறு குன்று, குன்றின்மேல் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில், அதன் சுவரில் இன்றும் மிஞ்சியிருக்கும் பார்வதி ஓவியம். பார்க்க வேண்டிய இடம்.

சென்னையிலிருந்து இங்கே வர ஒருவழித் தூரமே 150 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த முதல் நெக்ஸான் இ.வி.யின் பேட்டரி 30.2 யூனிட் கொள்ளளவு உடையது. சோதனைக் கூடக் கணக்கில் அது 312 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஏ.சி. போட்டுக்கொண்டு நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டினால் 200 கிலோமீட்டரை ஒட்டித்தான் கிடைக்கும். ஆக, அப்படிப்பட்ட காரில் வந்து சேர்ந்துவிடலாம்; திரும்பிப் போக எங்காவது சார்ஜ் போட்டே ஆகவேண்டும். எங்கே போடுவது என்ற கேள்வி எழுந்ததும் கை தானாகக் கைப்பேசியைத் தேடுகிறது.

பெட்ரோல் கார் வைத்திருப்பவருக்குச் செயலி ஒரு கூடுதல் வசதி. மின்சார கார்க்காரருக்கோ அது காரின் ஓர் உறுப்பு. சார்ஜ் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது, நடுவில் நின்றுவிட்டதா, அடுத்த சார்ஜர் எங்கே, அது வேலை செய்கிறதா, பணத்தை எப்படிக் கட்டுவது என எல்லாம் அந்தச் சிறிய திரைக்குள் இருக்கின்றன. ஆனால் இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை, எந்நேரமும் சிக்னல் கிடைக்கும், நாலு தெரு தள்ளி இன்னொரு சார்ஜர் இருக்கும் பெருநகரத்தை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. பனமலையில் நின்று பார்த்தால்தான் அவற்றின் குறைகள் தெளிவாகத் தெரிகின்றன.

கைப்பேசியில் ‘ஏ.சி.யைப் போடு’ என்று தொட்டால், அந்தக் கட்டளை பக்கத்தில் நிற்கும் காருக்கு நேராகப் போவதில்லை. முதலில் கார் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து கைப்பேசிக் கோபுரம் வழியாக, காருக்குள் இருக்கும் சிம் பொருத்திய ஒரு தகவல் பெட்டியை வந்தடைகிறது. அந்தப் பெட்டிதான் காரின் உள் கணினிகளுக்குச் சொல்கிறது. பதிலும் அதே வழியில் திரும்ப வேண்டும். கார் நிறுத்தப்பட்டிருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தப் பெட்டி அரைத்தூக்கத்தில் இருக்கும். அதை எழுப்பவே சில விநாடிகள் ஆகும். செயலி அடிக்கடி எழுப்பிக்கொண்டே இருந்தால் 12 வோல்ட் சிறு பேட்டரி இறங்கிவிடும். அது இறங்கினால், பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் கார் கிளம்பாது. அதனால்தான் நிறுவனங்கள் காரை ஓயாமல் விசாரிக்காமல், கடைசியாகக் கிடைத்த தகவலையே திரையில் காட்டுகின்றன.

அதில் தவறில்லை. அந்தத் தகவல் எப்போதையது என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு. ‘72 சதவீதம்’ என்று பெரிய எழுத்தில் காட்டிவிட்டு, அது மூன்று மணி நேரத்துக்கு முந்தைய கணக்கு என்பதை மூலையில் பொடி எழுத்தில் போடுவதும், போடாமலே விடுவதும் ஒன்றுதான். குன்றின் மறைவிலோ கோபுரத்துக்கு எட்டாத தோப்பிலோ கார் நிற்கும்போது, ‘காரிடமிருந்து காலை 10.40க்குப் பிறகு தகவல் இல்லை’ என்று செயலி தெளிவாகச் சொல்ல வேண்டும். நல்ல செயலிக்கு முதல் இலக்கணம் இதுதான்: தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டக்கூடாது. மற்ற வசதிகளெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

சர்வரையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை 2021 நவம்பர் 19 அன்று உலகம் பார்த்தது. டெஸ்லாவின் சர்வர் சில மணி நேரம் முடங்கியது. கைப்பேசியையே சாவியாகப் பயன்படுத்திவந்த பலர், தம் காரையே திறக்க முடியாமல் வெளியே நின்றார்கள். தவறுதலாகத் தகவல் போக்குவரத்து கூடிவிட்டதாகச் சொல்லி ஈலோன் மஸ்க் மன்னிப்புக் கேட்டார். பூட்டு, திறப்பு, சார்ஜ் நிறுத்தம் போன்ற அவசிய வேலைகளையாவது புளூடூத் மூலம் கைப்பேசியும் காரும் நேரடியாகப் பேசி முடித்துக்கொள்ள முடிய வேண்டும். தொழில்நுட்பம் தயாராகவே இருக்கிறது. எல்லா விலை கார்களுக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்தது சார்ஜர். 2022இல் பாரத் பெட்ரோலியம் சென்னை–திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் தன் பெட்ரோல் பங்குகளில் வேக சார்ஜர்களை அமைத்தது. கோவையைச் சேர்ந்த ஸியான், டாடா பவர், ஜியோ-பிபி எனப் பல நிறுவனங்கள் தமிழகச் சாலைகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி, ஒவ்வொரு செயலிக்கும் ஒரு வாலட். ஒன்றில் நூறு ரூபாய் மிச்சம், இன்னொன்றில் இருநூறு எனக் காசு சிதறிக் கிடக்கும். எதிரே நிற்கும் சார்ஜரோ மூன்றாவது நிறுவனத்தினுடையதாக இருக்கும். அந்த இடத்தில் புதிய செயலியை இறக்கி, ஓ.டி.பி. வரக் காத்திருந்து, வாலட்டில் பணம் போட்டு, பிறகே சார்ஜ் தொடங்கும். வெயிலில் குழந்தைகளோடு நிற்பவரின் பொறுமையை இது சோதிக்கிறது.

வரைபடத்தில் பச்சை நிறத்தில் தெரியும் சார்ஜரும் நம்பத்தக்கதல்ல. சார்ஜர் தன் சர்வரோடு பேச்சு வைத்திருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பச்சைக்குப் பொருள் இல்லை. யாரோ சிவப்பு அவசரப் பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருக்கலாம். லோ வோல்டேஜில் 60 கிலோவாட் சார்ஜர் 15 கிலோவாட் மட்டுமே தரலாம். முன்னால் ஒரு டீசல் கார் நிறுத்தப்பட்டிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் ஓர் எளிய மாற்று இருக்கிறது. ‘கடைசியாக வெற்றிகரமாக சார்ஜ் ஆனது: இன்று காலை 8.15, 41 கிலோவாட் வேகத்தில்’ என்ற ஒற்றை வரி போதும். இந்தத் தகவல் சார்ஜிங் நிறுவனத்தின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. பணம் வசூலிக்கவே அதை அவர்கள் பதிவு செய்கிறார்கள். அதை வாடிக்கையாளருக்குக் காட்ட மனம்தான் வேண்டும். அமெரிக்காவில் தொடங்கிய பிளக்ஷேர் செயலி ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், அதில் கார் ஓட்டுபவர்களே ‘நேற்று போட்டேன், வேலை செய்தது’ என்று எழுதிவைப்பதுதான்.

அரசின் பக்கமிருந்தும் முயற்சிகள் உண்டு. எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. உருவாக்கிய ‘இ.வி. யாத்ரா’ தளமும் செயலியும் 2022 டிசம்பர் 14 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவால் தொடங்கிவைக்கப்பட்டன. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொது சார்ஜர்களுக்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதன் கீழ் நாடு முழுவதற்குமான ஒரே ‘சூப்பர் ஆப்’ ஒன்றை உருவாக்கும் பொறுப்பை பெல் நிறுவனத்திடம் தரப் பரிசீலிப்பதாக 2025 மே மாதம் கனரகத் தொழில் அமைச்சகம் அறிவித்தது. தனியார் பக்கத்தில், எம்.ஜி. கார் நிறுவனம் 2024இலேயே பல நிறுவனங்களின் சார்ஜர்களைத் தன் ‘இ-ஹப்’ செயலியில் சேர்த்துக் காட்டத் தொடங்கியது.

ஒரே செயலி என்பதைவிட ஐரோப்பாவின் வழி உறுதியானது என்று தோன்றுகிறது. 2024 ஏப்ரல் 13 முதல் அங்கே புதிதாக நிறுவப்படும் வேக சார்ஜர்களில், எந்தச் செயலியிலும் உறுப்பினராகாமல் வங்கி அட்டையைக் காட்டிப் பணம் கட்டும் வசதி கட்டாயம். விலையையும் வேலை செய்யும் நிலையையும் எல்லோரும் பார்க்கத் திறந்துவைப்பதும் சட்டப்படி கடமை. தெருமுனை டீக்கடை வரை யு.பி.ஐ. பரவிவிட்ட நம் நாட்டில், சார்ஜரின் மேல் ஒரு கியூ.ஆர். அட்டை ஒட்டி, அதை ஸ்கேன் செய்தாலே மின்சாரம் பாயும்படி செய்வது அரிய காரியமல்ல.

தமிழ்நாட்டு வீடுகளுக்கென்று தனியாக ஒரு தேவை இருக்கிறது. அதை எந்தக் கார் நிறுவனமும் போதிய அளவு யோசித்ததாகத் தெரியவில்லை. இங்கே மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2022 செப்டம்பரில் திருத்தப்பட்ட கட்டண முறையில், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த மலிவு விகிதம் போய்விடும். 500க்கு மேற்பட்டவை இன்னும் உயர்ந்த விகிதத்தில் சேரும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் காருக்கு, யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்குச் சுமார் 300 யூனிட் ஆகும். மின்விசிறி, பிரிட்ஜ், மோட்டாரோடு இதுவும் சேர்ந்தால் பல வீடுகள் அந்த எல்லைக் கோட்டைக் கடந்துவிடும். ரீடிங் எடுத்த தேதியைச் செயலியிடம் ஒருமுறை சொல்லிவைத்தால், ‘இந்தக் கணக்கில் கார் இதுவரை 210 யூனிட் எடுத்திருக்கிறது’ என்று அதுவே காட்டலாம். கணக்கு மிகச் சிறியது. மாத பட்ஜெட் போடும் குடும்பத்துக்கு அது பெரிய உதவி.

கிராமத்தில் 15 ஆம்பியர் பிளக்கில் இரவு சார்ஜ் போட்டால் 30 யூனிட் ஏற ஏறக்குறைய பத்து மணி நேரம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போய் வந்தால் சில கார்கள் தாமாகத் தொடரும், சில தொடராது. ‘சார்ஜ் நின்றுவிட்டது’ என்ற எச்சரிக்கை காலை ஆறு மணிக்கு வந்தால் பயன் இல்லை; நின்ற ஐந்தாவது நிமிடத்தில் வர வேண்டும். சிக்னல் மோசமான இடங்களில் சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸாகவும், அதுவும் தமிழில், வர வேண்டும். மகன் சென்னையில் இருந்துகொண்டு வாங்கிக் கொடுத்த காரை ஊரில் அப்பா ஓட்டுகிறார் என்றால், ஆங்கிலத்தில் வரும் பிழைக் குறியீடு அவருக்கு என்ன சொல்லும்?

நிறுவனங்கள் தராததைக் கார் வைத்திருப்பவர்களே செய்துகொண்ட வரலாறும் உண்டு. ஹாங்காங்கைச் சேர்ந்த மார்க் வெப்-ஜான்சன் தொடங்கிவைத்த ஓ.வி.எம்.எஸ். என்ற திறமூலக் கருவி, டெஸ்லா ரோட்ஸ்டர் காரின் நிலையைக் கைப்பேசிக்கு அனுப்பவே முதலில் உருவானது. நிசான் லீஃப் வைத்திருந்தவர்கள் ‘லீஃப் ஸ்பை’ செயலியையும் சிறு புளூடூத் கருவியையும் கொண்டு பேட்டரியின் ஆரோக்கியத்தை அளந்தார்கள். பேட்டரி எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்பது பணம் கொடுத்து வாங்கியவருக்குத் தெரிய வேண்டிய செய்தி. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகன பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கே செயலியின் முதல் பக்கத்திலேயே அந்தத் தேய்மான சதவீதத்தைப் போடலாம்.

வசதி கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. 2016 பிப்ரவரியில், நிசான் லீஃப் காரின் ஏ.சி.யை உலகின் எந்த மூலையிலிருந்தும் இயக்கலாம் என்பதை டிராய் ஹண்ட், ஸ்காட் ஹெல்ம் ஆகிய இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். அதற்குத் தேவைப்பட்டது கண்ணாடிக்குப் பின்னால் எல்லோருக்கும் தெரியும்படி பொறித்திருக்கும் வாகன அடையாள எண் (வி.ஐ.என்.) மட்டுமே. நிசான் அந்தச் செயலியைத் தற்காலிகமாக மூட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் வெளிவந்த செய்தி இன்னும் பெரியது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் எட்டு லட்சம் மின்சார கார்களின் தகவல்கள் இணையத்தில் பாதுகாப்பின்றிக் கிடந்தன. அவற்றில் சுமார் 4.6 லட்சம் கார்கள் எங்கெங்கே நின்றன என்பதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது. கார் நிற்கும் இடம் என்பது மனிதர் இருக்கும் இடம். இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறிவிட்டது. அந்தச் சட்டத்துக்கேற்ப, எந்தத் தகவல் எத்தனை நாள் சேமிக்கப்படும் என்பதைச் செயலி முகப்பிலேயே சொல்ல வேண்டும்.

காரின் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டுகள். செயலியின் ஆயுள் அவ்வளவு இல்லை. பிரிட்டனில் 2ஜி சேவை மூடப்படுவதைக் காரணம் காட்டி, பழைய லீஃப் கார்களுக்கான செயலியை நிசான் 2024 ஏப்ரலில் நிறுத்தியது. கார் ஓடுகிறது, கைப்பேசியோடு பேசுவதை மட்டும் விட்டுவிட்டது. எத்தனை ஆண்டுகளுக்குச் செயலி இயங்கும், இலவசக் காலம் முடிந்த பின் ஆண்டுக்கு என்ன கட்டணம் என்பதை ஷோரூமிலேயே பேட்டரி வாரண்டியைப் போல எழுதிக் கொடுக்க வேண்டும். நகரத்தில் ஐந்து வருடம் ஓடிய கார்தான் பெரும்பாலும் சிற்றூர்களில் இரண்டாம் கையாக வாழ்கிறது என்பதால், இது செஞ்சிப் பக்கத்துக்காரர்களின் பிரச்சினையும்கூட.

இரண்டாம் கைக் காரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் பாதுகாப்பு வல்லுநர் சார்லஸ் ஹெண்டர்சன், தாம் விற்றுவிட்ட காரைத் தம் கைப்பேசியிலிருந்து இன்னமும் கண்டுபிடிக்கவும் திறக்கவும் முடிந்ததை 2017இல் ஒரு மாநாட்டில் சொன்னார். இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தின் பெயர் மாறுகிறது. செயலியில் பழைய உரிமையாளரின் கணக்கு அப்படியே இருக்கலாம். கார் நிறுவனங்கள் அரசின் ‘வாகன்’ தரவுத்தளத்தோடு தங்கள் செயலிகளை இணைத்தால், பெயர் மாறிய அன்றே பழைய கணக்கு தானாக விலகிவிடும். அப்படி ஓர் ஏற்பாடு வரும் வரை, பழைய மின்சார கார் வாங்குபவர் முழுப் பணத்தையும் கொடுக்கும் முன்பே, விற்பவரின் கைப்பேசியிலிருந்து அந்தக் காரை நீக்கச் சொல்லி, தம் கைப்பேசியில் சேர்த்து, ஒருமுறை பூட்டித் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.