பள்ளிக்குச் செல்லும் வழி: பெற்றோரும் பராமரிப்பாளரும் அறிய வேண்டியவை

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 2010-இல் வெளியான மத்திய அரசின் விதிகளின்படி, 1 முதல் 5-ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும், 6 முதல் 8-ஆம் வகுப்பினருக்கு 3 கிலோமீட்டருக்குள்ளும் நடந்து செல்லும் தொலைவில் பள்ளி அமைய வேண்டும். தொலைவு மட்டுமே அளவுகோல் அன்று. வெள்ளம், நிலச்சரிவு, சாலையின்மை போன்ற ஆபத்துகள் வழியில் இருப்பின், அவற்றைத் தவிர்க்குமாறு இவ்வரம்பைக் குறைத்துப் பள்ளியை அமைக்க வேண்டும்.

மாற்றுத்திறன் காரணமாகப் பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்குப் பாதுகாப்பான போக்குவரத்து ஏற்பாடு செய்ய அரசும் உள்ளாட்சி அமைப்பும் முயல வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளது. இதனைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை, அழைத்துச் செல்ல ஆளில்லை என்பதற்காகவே வீட்டில் நிறுத்திவிட்டதாகப் புறநோயாளர் பிரிவில் கூறுகின்றனர். நடைப்பயிற்சியும் அத்துடன் தடைப்படுகிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழின் நகலுடன் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்துப் படிக்கும் வழித்துணைப் படிக்கும் இடமுண்டு.

வலிப்பு நோயுள்ள குழந்தை பள்ளி வாகனத்தில் செல்வதாயின், உதவியாளரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலும் பயனில்லை. 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஆஸ்துமா உள்ள குழந்தையின் இன்ஹேலர் பையின் வெளி அறையில் இருக்கட்டும்.

நடந்து செல்லும் சிறு குழந்தைகளால் வாகனத்தின் வேகத்தைச் சரியாகக் கணிக்க இயலாது. சாலையைக் கடக்கும் இடம் வரையிலாவது பெரியவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும்.