மண் அணைகள் – 7: கலங்கிய கசிவு

நிந்தவூருக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வட்டைகளின் பயிர், கல்லோயாத் திட்டத்துத் தண்ணீரை நம்பியிருக்கிறது. கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறிக்கும் மண் அணையின் வேலை 1949இல் தொடங்கியது. கட்டியது அமெரிக்காவின் மொரிசன் நட்சன் நிறுவனம். அந்த அணைக்குப் பின்னால் நிற்கும் சேனாநாயக்க சமுத்திரம் சுமார் 95 கோடி கன மீற்றர் நீரைக் கொள்ளும். இலங்கையில் அதைவிடப் பெரிய நீர்த்தேக்கம் இல்லை.

தண்ணீர் என்ன செய்யும் என்பதை இந்தக் கரையோர மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 சுனாமி கிழக்கிலிருந்து வந்தது. 2024 நவம்பர் 26ஆம் திகதி, நிந்தவூர் மத்ரஸா ஒன்றிலிருந்து வீடு திரும்பிய மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரத்தை மாவடிப்பள்ளியில் வெள்ளம் அடித்துச் சென்றது. பிள்ளைகள் சிலரின் ஜனாஸாக்கள்தான் வீடு வந்தன. அது மழை வெள்ளம். அணை உடைப்பு அல்ல. அணை உடைந்தால் என்னவாகும் என்பதற்குக் கிழக்கு மாகாணத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது: கந்தளாய்.

1986 ஏப்ரல் 20, அதிகாலை மூன்று மணி. மாரி முடிந்து, ஊர் உறக்கத்தில் இருந்த நேரத்தில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. 120க்கும் அதிகமானோர் இறந்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான குளம் அது. பல தலைமுறையாக நின்ற கட்டு நாளையும் நிற்கும் என்ற நம்பிக்கை ஒரே இரவில் பொய்யானது.

மண் அணை சாவதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, வெள்ளம் கட்டுக்கு மேலால் பாய்ந்து மண்ணைக் கரைப்பது. அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். மற்றது உள்ளரிப்பு. எந்த மண் அணையிலும் கொஞ்சம் நீர் கசியத்தான் செய்யும். தெளிவாக, அளவு மாறாமல் கசிந்தால் பயமில்லை. அந்த நீர் மண் துகளைச் சுமந்து கலங்கலாக வரத் தொடங்கினால், அணைக்குள்ளே ஒரு குழாய் பின்னோக்கி வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நீர்த்தேக்கத்தை அது எட்டிவிட்டால் பிறகு மணிக்கணக்குதான்.

ஆகவே அணை பார்ப்பது என்பது முதலில் நடப்பது. கட்டின் முகட்டில் குறுக்கு வெடிப்பு இருக்கிறதா, ஏதாவது ஓரிடம் தாழ்ந்திருக்கிறதா? அலை தாங்கும் கற்கள் சரிந்திருக்கின்றனவா? கீழ்ச்சரிவில் புற்று, உடும்பு வளை, வேரோடிய மரம்? கோடையில் சுற்றிலும் காய்ந்திருக்க ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக நின்றால், அங்கே குனிந்து பார்க்க வேண்டும். அடிவாரத்தில் கசிவு நீரை ஒரு தகட்டின் முக்கோண வெட்டு வழியே பாயவிட்டு அதன் உயரத்தை அளந்து, அன்றைய நீர்மட்டத்தோடு சேர்த்துப் பதிய வேண்டும். கட்டுக்குள் இறக்கிய அழுத்தமானிக் குழாய்கள் உள்ளே நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லும். குளத்து மட்டம் ஏறாமலே கசிவு ஏறினால் அதுதான் ஆபத்தின் முதல் செய்தி. ஒரே ஆள் ஆண்டுக்கணக்காக நடந்தால் இது சட்டென்று பிடிபடும். அடிக்கடி மாற்றலாகும் அலுவலருக்குப் பதிவேடுதான் கண்.

கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது என்பதற்குப் பிரேசில் உதாரணம். புருமாடின்யோவில் வாலே நிறுவனத்தின் இரும்புச் சுரங்கக் கழிவை அடைத்து வைத்த 86 மீற்றர் உயர அணை 2019 ஜனவரி 25 மதியம் நொடிகளில் உருகிச் சரிந்தது. 270 பேர் மாண்டனர். கீழே இருந்த தொழிலாளர் உணவகம் சாப்பாட்டு நேரத்திலேயே புதைந்தது. சுரங்கக் கழிவு அணை குளக்கட்டைவிட ஆபத்தானது. இந்த அணையில், முன்பு நிரம்பிய சேற்றின் மேலேயே அடுத்தடுத்த கட்டுகளை ஏற்றியிருந்தார்கள். சுரங்கம் மூடினாலும் சேறு அங்கேயே இருக்கும். வருமானம் நின்றபின் காவல் செலவை யாரும் விரும்புவதில்லை.

அந்த அணைக்குச் சரிவதற்குச் சில மாதங்கள் முன்புதான் உறுதிச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. 1.3 இருக்க வேண்டிய பாதுகாப்புக் காரணி கணக்கில் 1.09 என்று வந்தும் கையெழுத்து விழுந்தது. பிறகு ஆராய்ந்த வல்லுநர் குழு, வடிகால் போதாமல் அணைக்குள் நீர் உயர்ந்தே நின்றதைச் சுட்டியது. வெளியே பெரிய அறிகுறி எதுவும் தெரியவில்லை என்றும் சொன்னது. ஆனால் உள்ளே நின்ற நீரின் அளவு இருந்தது, அதைப் பார்த்து வேலையை நிறுத்தவும் ஆட்களை அகற்றவும் துணிவு இல்லை. அடுத்த ஆண்டு, 2020 ஆகஸ்டில், சுரங்கக் கழிவு அணைகளுக்கான உலகளாவிய தரநெறி வெளிவந்தது. ஒவ்வோர் அணைக்கும் பொறுப்பான உயர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், கீழே வாழும் மக்களோடு பேச வேண்டும் என்று அது வற்புறுத்துகிறது.

இலங்கையிலும் உலக வங்கி உதவியுடன் 2008 முதல் அணைப் பாதுகாப்புத் திட்டமொன்று நடந்து பல பெரிய அணைகள் திருத்தப்பட்டன. திருத்தம் ஒருமுறை வேலை, பராமரிப்பு தினசரி வேலை. புற்றை வெட்டுவதற்கும் வடிகாலைத் துப்புரவு செய்வதற்கும் வான்கதவுக்கு எண்ணெய் இடுவதற்கும் திறப்பு விழா கிடையாது. அதனாலேயே பணம் ஒதுக்கும்போது அவைதான் முதலில் வெட்டுப்படுகின்றன. இது மாற வேண்டும்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியும் உரமும் பேசப்படுகின்றன. நிந்தவூர், சம்மாந்துறை, கல்முனைப் பகுதி விவசாய அமைப்புகளும் வயல்களின் நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானைமாரும் அந்த மேசையில் இன்னும் இரண்டு கேள்விகளை வைக்கலாம்: கடந்த போகத்தில் அணையின் கசிவு அளவு என்ன, கட்டுக்கு ஆபத்து என்றால் எந்த ஊருக்கு யார், எத்தனை மணி நேரத்தில் அறிவிப்பார்? பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

(தொடரும்)