சோப்புக்கு இரண்டு விலை

ஆடி மாதச் சனிக்கிழமைகளில் தேனி மாவட்டம் குச்சனூரில் கடை போடுகிறவருக்கு ஒரே கவலைதான். இன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள்? சுயம்பு சனீஸ்வரரைக் கும்பிட வரும் கூட்டத்தை நம்பி எள் பொட்டலம் கட்ட வேண்டும், மாலை தொடுக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் மாலை வாடிப்போகும். எதிர்பாராமல் நாலு பஸ் கூட வந்துவிட்டால் பத்து மணிக்கே சரக்கு தீர்ந்து, வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். வாடிக்கையாளர் யாரென்றே தெரியாமல் செய்கிற வியாபாரம் இது. உலகத்தில் பெரும்பாலான கடைகள் இப்படித்தான் நடக்கின்றன.

வாடிக்கையாளர் யார், அவர் மாதத்தில் அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த கடை ஒன்றும் இருக்கிறது. அதன் சாமான் குச்சனூர் வீடுகளுக்கும் வருகிறது. பட்டாளத்தில் இருபது வருஷம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் வீட்டுக் குளியலறையில் இருக்கும் சோப்பும், மளிகைக் கடையில் தொங்கும் சோப்பும் ஒரே கம்பெனி, ஒரே எடை. விலை மட்டும் வேறு. ஊரார் இதற்குச் சொல்லும் விளக்கம், ‘கவர்மென்ட் மானியம்.’ அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் சுவாரஸ்யமானது.

முதலில் வரியைப் பார்த்துவிடலாம். 100 ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று வைத்துக்கொள்வோம். வெளிக்கடையில் மொத்த வியாபாரியும் சில்லறைக் கடைக்காரரும் சேர்ந்து 30 ரூபாய் லாபம் வைத்தால் அந்த லாபத்துக்கும் வரி உண்டு. கைக்கு வரும்போது விலை 153 ரூபாய் 40 காசு. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் கேண்டீன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மென்ட், அதாவது சி.எஸ்.டி., அதே சரக்கை 118 ரூபாய்க்கு வாங்குகிறது. கட்டிய வரியில் பாதி, 9 ரூபாய், அதற்குத் திரும்பக் கிடைக்கும். ஜி.எஸ்.டி. வந்த 2017இலேயே இதற்குத் தனி அறிவிக்கை போட்டுவிட்டார்கள். அதன்பின் சி.எஸ்.டி. படைப்பிரிவுக் கேண்டீனுக்கு விற்பதற்கு வரி இல்லை, கேண்டீன் வீரருக்கு விற்பதற்கும் இல்லை. ஆக அடக்க விலை 109 ரூபாய். அதன்மேல் சிறு லாபம் ஏறும், அவ்வளவுதான். அரசு கையிலிருந்து காசு எடுத்துக் கொடுக்கவில்லை. வரவேண்டிய வரியில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறது.

இந்தக் கணக்கில் கம்பெனியின் பங்கு வரவில்லை. கம்பெனி தன் விலையையும் குறைக்கிறது. எதற்காக? நாடு முழுக்க முப்பத்துச் சொச்சம் கிடங்குகள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கேண்டீன்கள், குடும்பங்களோடு சேர்த்து ஒரு கோடிக்கு மேற்பட்ட ஆட்கள். இத்தனைக்கும் பேரம் பேசுவது ஒரே ஒருவர். மொத்தமாக வாங்குகிறவருக்கு விலை குறைப்பது சந்தைக்குப் புதிதல்ல என்றாலும், கம்பெனி இதற்கு இசைவதற்கு இன்னொரு நிபந்தனை உண்டு. உதாரணமாக, 30 ரூபாய்க்கு இங்கே விற்ற சோப்பு, அதே சோப்பு 40 ரூபாய்க்கு விற்கும் வெளிச்சந்தைக்குக் கசிந்துவிடக் கூடாது. கசிந்தால் தன் சரக்கே தன் சரக்கோடு போட்டிக்கு நிற்கும். ஒரே பொருளை இரு கூட்டத்துக்கு இரு விலையில் விற்க வேண்டுமானால், மலிவாக வாங்கியவர் மறுவிற்பனை செய்ய முடியாதபடி தடுக்க வேண்டும். விலைப் பாகுபாடு பற்றிப் பேசும் பொருளியலில் இது பாலபாடம்.

கேண்டீன் கார்டு, மாதக் கோட்டா, பதவிக்குத் தகுந்த வரம்பு எல்லாம் இதற்காகத்தான். கதவு மூடியிருப்பதால்தான் விலை இறங்குகிறது. திறந்துவிட்டால் மலிவும் போய்விடும். சுவரில் ஓட்டை இல்லையா என்றால், இருக்கிறது. “அண்ணே, இந்த மாசக் கோட்டா எடுத்தாச்சா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதைப் பார்க்காத ஊர் உண்டா? அவர் கேட்பது சோப்பு அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். மது ஜி.எஸ்.டி.க்குள் வராது, அதன் தீர்வை மாநில அரசின் கையில் இருக்கிறது. 2003இலிருந்து சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் தன் கையில் வைத்திருக்கும் தமிழ்நாட்டில், வேறு விலையில் ரம் கிடைக்கும் இடம் மிலிட்டரி கேண்டீன். விலை வித்தியாசம் எங்கே பெரிதோ அங்கேதான் கசிவும் பெரிதாக இருக்கும். மதுவுக்கென்று தனிக் கட்டுப்பாடு வைத்திருப்பதில் வியப்பில்லை.

இந்தக் கதவு ஒரே நாளில் கட்டப்பட்டதல்ல. பழைய காலத்துப் படைகளுக்குக் கடை பின்னாலேயே நடந்து வந்தது. 1791இல் திப்பு சுல்தானை எதிர்த்துப் போன ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படைக்குத் தானியம் கொண்டுவந்து சேர்த்தவர்கள் பொதிமாட்டுக் கூட்டங்களோடு அலைந்த லம்பாடிகள். அவர்கள் யாருடைய சம்பளக்காரர்களும் அல்லர், தங்கள் பொறுப்பில் வாங்கித் தங்கள் விலைக்கு விற்ற வணிகர்கள். விலை கட்டுபடியாகாவிட்டால் மாடுகள் வேறு பக்கம் திரும்பிவிடும்.

பிறகு வந்தது குத்தகைக்காரர் காலம். முகாமுக்குள் கடை நடத்தும் உரிமையை ஒருவர் எடுப்பார். வேறு கடைக்குப் போக முடியாத சிப்பாயிடம் வைத்ததுதான் விலை. இங்கேயும் கதவு மூடித்தான் இருந்தது, ஆனால் சாவி விற்பவர் இடுப்பில் இருந்தது. பிரிட்டனில் இதைப் பொறுக்காத ராணுவ அதிகாரிகள் சிலர் 1894இல் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கிப் பார்த்தார்கள். அப்படியும் குத்தகை முறை ஒழியவில்லை. 1914இல் லண்டனில் நடந்த வழக்கு அதன் அழுகலை வெளியே கொண்டுவந்தது. கேண்டீன் குத்தகைகளைப் பிடிக்க லஞ்சம் கொடுத்ததற்காக, இலங்கைத் தேயிலையால் பேர்பெற்ற லிப்டன் நிறுவனத்தின் ஆட்கள் சிலரும், வாங்கிய ராணுவ அதிகாரிகள் சிலரும் தண்டிக்கப்பட்டார்கள். முதல் உலகப்போர் முடிந்தபின், 1921இல், முப்படைக்கும் பொதுவாக நாஃபி என்ற அமைப்பு வந்தது.

அதே அச்சில் இந்தியாவிலும் ஆர்மி கேண்டீன் போர்டு ஒன்றை வார்த்தார்கள். அது தள்ளாடி 1927இல் மூடப்பட்டது. அந்த இடத்துக்கு வந்ததோ மறுபடியும் குத்தகைக்காரர்கள்தான். இந்த முறை கராச்சியைத் தலைமையிடமாக வைத்து, கேண்டீன் கான்ட்ராக்டர்ஸ் சிண்டிகேட் என்று கூட்டாகச் சேர்ந்து வந்தார்கள். பதினைந்து வருஷம் ஓடியது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் அந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1939இல் ஏறத்தாழ இரண்டு லட்சமாக இருந்த இந்திய ராணுவம் 1945இல் 25 லட்சத்தைத் தாண்டியது. நடுவில், 1942 ஜூலையில், அரசே சிண்டிகேட்டை எடுத்துக்கொண்டு கேண்டீன் சர்வீசஸ் (இந்தியா) ஆக்கிவிட்டது. பிரிவினையில் பீரங்கி, டாங்கியோடு கேண்டீனையும் பங்கு போட்டார்கள். நம் பங்கை வைத்து 1948 ஜனவரி 1ஆம் தேதி, 48 லட்ச ரூபாய் மூலதனத்தில், பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டு சி.எஸ்.டி. பிறந்தது. முதலில் சோதனை ஏற்பாடு, பிறகு நிரந்தரம். 1977 ஏப்ரலிலிருந்து அதன் பணமெல்லாம் இந்தியத் தொகுப்பு நிதியோடு சேர்ந்து, அரசு பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது.

கடையின் வரலாறு இது. சரக்கு நகர்வதைப் பற்றியும் ஓர் அறிவியல் இருக்கிறது. குழந்தைகள் ஈரமாக்கும் டயப்பரின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறாது. ஆனாலும் பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி தனக்கு வரும் ஆர்டர்களைப் பார்த்தபோது, அவை எக்குத்தப்பாக ஏறி இறங்கின. கடைக்காரர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார். அதைப் பார்த்து மொத்த வியாபாரி இன்னும் கூட்டிக் கேட்கிறார். ஆலைக்குப் போய்ச் சேரும்போது சிற்றலை பேரலை ஆகிவிடுகிறது. சாட்டையைச் சொடுக்கும்போது கைப்பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரும் வீச்சு. அதனால் இதைச் சாட்டை விளைவு என்பார்கள். 1961இல் ஆய்வாளர் ஜே ஃபாரஸ்டர் கணக்காகக் காட்டிய இந்த வீக்கத்துக்கு, 1997இல் ஹாவ் லீயும் உடன் ஆய்வாளர்களும் காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். பற்றாக்குறைப் பயத்தில் அளவுக்கு மேல் கேட்பது அவற்றில் ஒன்று. தள்ளுபடி நாளுக்காகக் காத்திருந்து மொத்தமாக அள்ளுவது இன்னொன்று.

கேண்டீனின் கோட்டா கசிவைத் தடுக்கப் போட்ட பூட்டு. அதே பூட்டு இந்த வீக்கத்துக்கும் ஓர் உச்சவரம்பு வைத்துவிடுகிறது என்பது என் கணிப்பு. எத்தனை கார்டு, கார்டுக்கு எவ்வளவு என்பது தெரிந்த இடத்தில் தேவை ஓரளவுக்கு மேல் ஊத முடியாது. குச்சனூர்க் கடைக்காரர் ஏங்கும் தகவல் இதுதான்! லடாக் போன்ற இடத்தில் அந்தத் தகவல் இல்லாமல் எதுவும் நடக்காது. 3,500 மீட்டர் உயரத்து ஸோஜி லா கணவாய் பனியில் அடைபட்டால் ஸ்ரீநகரிலிருந்து லாரி ஏறாது. ஜனவரியில் தேய்க்க வேண்டிய சோப்பைக் கோடையிலேயே கணக்கிட்டு மேலே ஏற்றியாக வேண்டும். தேனி மாவட்டத்துப் பையன் ஒருவன் அங்கே உறைபனியில் பல் துலக்குகிறான் என்றால், அந்தப் பற்பசை அவனுக்கு முன்பே மலை ஏறியிருக்கக் கூடும்.

சட்டத்துக்குத்தான் இந்தக் கடை ஒரு புதிர். மேலே இருக்கும் சி.எஸ்.டி. அரசுத் துறை. கீழே வீரர்களுக்கு விற்கும் கேண்டீனோ படைப்பிரிவு தன் சொந்த நிதியில் நடத்துவது. லாபம் வீரர்களின் நலனுக்குப் போகிறது. அப்படியானால் அங்கே பில் போடும் ஊழியர் அரசு ஊழியரா? ஆம் என்றது உச்ச நீதிமன்றம், 2001இல். இல்லை என்றது அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, 2009இல்.

அரசு பட்ஜெட்டுக்குள் வந்ததில் வேறொரு சிக்கல். சாதாரண வியாபாரி நன்றாக விற்றால் சந்தோஷப்படுவார். இங்கே ஆண்டு ஒதுக்கீட்டுக்கு மேல் விற்றால் நெருக்கடி. கேண்டீன் வழியாகக் கார் வாங்குவது பெருகியபோது, 2019இல் கட்டுப்பாடு வந்தது. அதிகாரிகளுக்கு எட்டு ஆண்டுக்கு ஒரு கார், மற்ற வீரர்களுக்குப் பணிக்காலத்தில் ஒன்று, ஓய்வுக்குப்பின் ஒன்று என்று வரையறுத்தார்கள். கார், பைக், ஃபிரிட்ஜ் ஆகியவற்றைக் கேண்டீன் வாங்கி அடுக்கி வைப்பதில்லை. கேட்டு, பணம் கட்டிய பிறகுதான் உத்தரவு போகும். 2021 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் இதற்கு ஒரு இணையதளத்தைத் திறந்துவைத்தார். இன்று ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் குச்சனூர்த் திண்ணையில் உட்கார்ந்தபடியே வாஷிங் மெஷினுக்குப் பதிவு செய்யலாம், டீலரிடம் போய் எடுத்துக்கொள்ளலாம். சி.எஸ்.டி. அந்த மெஷினைக் கண்ணால்கூடப் பார்க்காது. அவர் யார், அவருக்கு உரிமை மிச்சமிருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கும். ரம்முக்கு அந்த வசதி இல்லை. அதற்கு அவர் கார்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.